நதிகளை அளந்த மேஜர் ரென்னல்

மலர்க்குழு கட்டுரை கேட்டபோது முதலில் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் வரல. தெரிந்த விஷயத்தையே எழுதுவோம் என்று சர்வே பக்கம் வந்துவிட்டேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான். வாள்வெட்டு உண்டு, சிறுத்தை உண்டு, ஒரு பெரிய ஆறே இடம் மாறிப் போன கதையும் உண்டு.

முதலில் எங்கள் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்வே கேம்ப்பில் எங்கள் குரூப்புக்கு விழுந்தது ஆற்றோரம். செயினும் பிரிஸ்மாட்டிக் காம்பஸும் வைத்து ஒரு குளோஸ்டு டிராவர்ஸ் போட வேண்டும். ஆறு என்றால் தண்ணீர் ஓடும் ஆறு இல்லை. மணலும் கருவேல முள்ளும்தான். கடைசிக்கு முந்தின ராத்திரி, பெட்ரோமாக்ஸ் மாதிரி எரிகிற ஒரே பல்பின் கீழே பிளாட் செய்து பார்த்தால் படம் மூடல. கொஞ்சநஞ்சம் என்றால் பவுடிச் முறையில் எல்லாக் கோட்டுக்கும் பங்கு போட்டு விடலாம். இது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியும். கரையோரம் முள்ளுக்குள் புகுந்து எடுக்க வேண்டிய இரண்டு ஸ்டேஷன்களில் ஒழுங்காகப் பார்க்காமல் குத்துமதிப்பாக எழுதி வைத்திருந்தோம். மறுநாள் காலை போய்த் திரும்ப எடுத்திருக்கலாம். யார் போவது? ரப்பர் எடுத்தோம், இரண்டு பேரிங்கை மாற்றினோம், ஃபீல்டு புக்கைப் புதிதாகப் பிரதி எடுத்தோம். படம் அழகாக மூடிக்கொண்டது. நல்ல மார்க்கும் வந்தது.

கிளம்புகிற அன்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார். ஆற்றை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம். கரை வருஷா வருஷம் தின்றுகொண்டே வருகிறதாம். பட்டா நிலம் எது, ஆற்றுப் புறம்போக்கு எது என்று தகராறு. தம்பிமார் அளந்தீங்களே, கரை இப்ப எங்க இருக்குன்னு ஒரு தாளில் போட்டுக் கொடுத்தால் மனுவோடு வைப்பேன் என்று கேட்டார். படத்தை அவர் கையில் கொடுக்க எங்களில் ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை. காலேஜில் கேட்டுச் சொல்கிறோம் ஐயா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டோம்.

இதெல்லாம் மறந்தும் போச்சு. சில மாதம் கழித்து செமினாருக்குத் தலைப்புத் தேடியபோதுதான் ஜேம்ஸ் ரென்னல் கிடைத்தார்.

ரென்னல் 1742-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் சட்லி என்ற சிற்றூர் அருகே பிறந்தவர். அப்பா பீரங்கிப் படையில் கேப்டன். பையனுக்கு ஐந்து வயது ஆவதற்குள் போரில் இறந்துவிட்டார். ஊர்ப் பாதிரியார்தான் எடுத்து வளர்த்தார். 1756-ல், பதினாலு வயது நிறையும் முன்பே கடற்படையில் சேர்ந்தார். நம் கணக்குப்படி ஒன்பதாம் வகுப்புப் பையன்! கப்பலில்தான் கடலாழம் பார்ப்பதும், கரையின் கோணங்களை எடுத்துப் படம் வரைவதும் கற்றுக்கொண்டார். டிப்ளமோவும் இல்லை, டிகிரியும் இல்லை.

1760-ல் இந்தியா வந்தார். ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்ட காலம் அது. 1763-ல் கடற்படையை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மாறினார். கையில் கிடைத்த கப்பல் அதே வருஷம் மதராஸில் அடித்த புயலில் போயிற்று. அவர் கரையில் இருந்ததால் தப்பினார். அடுத்து ஒரு சின்னக் கப்பலைக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவர் அளந்தது எது தெரியுமா? நம் பாக் ஜலசந்தியையும் பாம்பன் கால்வாயையும்! ராமேஸ்வரம் போகும்போது பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனதே, அந்தத் தண்ணீரில்தான் இந்தப் பையன் ஆழம் பார்த்திருக்கிறார்.

1764-ல் கல்கத்தா போனார். பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் மூலமாக கவர்னர் வான்சிட்டார்ட்டின் கண்ணில் பட்டார். சிபாரிசு அன்றைக்கும் இருந்தது! இருபத்தொரு வயதில் வங்காளத்தின் ஆறுகளை அளக்கிற வேலை கைக்கு வந்தது. முதல் உத்தரவு, கோடையிலும் கங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் படகு போக ஆழமுள்ள கால்வாய் ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது. அதில் ஆரம்பித்த வேலை பதிமூன்று வருஷம் நீண்டது.

கருவி என்ன? நாம் லேபில் தொடும் அதே வகையறாதான். காம்பஸ், செயின், சூரியனைப் பார்த்து அட்சரேகை கணக்கிட ஒரு குவாட்ரண்ட். ஆற்றில் படகில் போக வேண்டியது, வளைவுக்கு வளைவு பேரிங் எடுக்க வேண்டியது, கரையில் இறங்கி நடந்து அளக்க வேண்டியது. மழை பிடித்ததும் டாக்காவுக்குத் திரும்பி, குறிப்புகளை வைத்துப் படம் வரைய வேண்டியது. தண்ணீர் வடிந்ததும் மறுபடி கிளம்ப வேண்டியது. வங்காளத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. ஏறி நின்று பார்க்க மலை இல்லை. கண்ணுக்கு எட்டின வரை தண்ணீர், நாணல், மணல்திட்டு. அதில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் தெரிய வேண்டும்! எங்களுக்கு முள்ளுக்குள் இருபது அடி போகக் கசந்தது.

காட்டுக்குள் ஒருமுறை பெரிய சிறுத்தை பாய்ந்து அவருடைய ஆட்கள் ஐந்து பேரைக் காயப்படுத்தியது. துப்பாக்கி முனைக் கத்தியை அதன் வாயில் செலுத்தி அவரே கொன்றார். அதைவிட மோசமானது 1766 பிப்ரவரியில் நடந்தது. பூட்டான் எல்லைப் பக்கம், கூச் பிகார் அருகே ஆயுதம் தாங்கிய சந்நியாசிகளின் கூட்டம் ஒன்றோடு மோதல். தோள்பட்டை எலும்பு பிளக்கும்படி வாள்வெட்டு. பக்கத்தில் வைத்தியர் இல்லை. திறந்த படகில் குப்புறப் படுக்க வைத்து, சுமார் 300 மைல் தூரம் டாக்காவுக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் உள்ளூர் ஆட்கள் வெங்காயத்தை அரைத்துக் காயத்தில் பத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள். பிழைத்தார். ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த வருஷம், 1767-ல், வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆக்கினார்கள். வயது 24.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனசு வரல. ரென்னலைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சந்நியாசிகளைக் கொள்ளைக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 1765-ல் வங்காளத்தில் வரி வசூலிக்கிற உரிமை கம்பெனிக்குப் போயிற்று. வரி போட ஊர் தெரிய வேண்டும், படை நடத்தப் பாதை தெரிய வேண்டும். படம் எதற்கு என்பது அளக்கப்பட்ட ஜனங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? 1770-ல் அதே வங்காளத்தில் பெரும் பஞ்சம். ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது என்பது 1772-ல் ஹேஸ்டிங்ஸ் சொன்ன மதிப்பு. ஆனாலும் வரி வசூல் நிற்கவில்லை. படம் வரைகிற வேலையும் நிற்கவில்லை. சங்கிலி பிடித்த கூலிக்காரர்கள், படகு தள்ளியவர்கள், வெங்காயம் அரைத்தவர்கள் யாருடைய பேரும் அந்தப் படங்களின் ஓரத்தில் இல்லை. ரென்னலை எனக்குப் பிடிக்கும். இதுவும் சேர்ந்துதான் அந்த ஆள்.

1772-ல் ஜேன் தாக்கரே என்ற பெண்ணை மணந்தார். 1777-ல் மேஜர் பட்டத்தோடு ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயதுதான். 1779 முதல் வங்காள அட்லஸ் அச்சாகி வந்தது. 1782-ல் இந்தியா முழுமைக்குமான வரைபடம். 1791-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி மெடல்.

எனக்கு இவற்றை எல்லாம் விடப் பிடித்தது, 1781-ல் ராயல் சொசைட்டியில் கங்கை, பிரம்மபுத்திரா பற்றி அவர் கொடுத்த கட்டுரைதான். ஹைட்ராலிக்ஸ் அரியர் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவும்! கோடையில் கங்கை ஒரு விநாடிக்கு 80,000 கன அடி தண்ணீர் கொண்டுபோகிறது என்று கணக்குப் போடுகிறார். நிறைவெள்ளத்தில் தண்ணீர் அளவு மூன்று மடங்கு, வேகம் மூன்றுக்கு ஐந்து என்ற விகிதம். ஆக 4,05,000 கன அடி என்கிறார். பரப்பு பெருக்கல் வேகம், நம்ம பழைய சூத்திரம்தான். கால்குலேட்டரில் போட்டால் எனக்கு நாலு லட்சம் வருகிறது, சில்லறையை விட்டுவிடுவோம். தரையின் சரிவையும் சொல்கிறார். ஒரு கிளை ஆற்றை ஒட்டி 60 மைல் லெவல் எடுத்ததில் மைலுக்கு 9 அங்குலம்தான் இறக்கம். அதாவது 7,040-க்கு 1. ஆறு வளைந்து வளைந்து போவதால் தண்ணீர் ஓடும் வழியில் அதுவும் மைலுக்கு 4 அங்குலத்துக்குக் குறைவு. நம் ஹாஸ்டல் பாத்ரூம் தரைக்கு இதைவிட நல்ல சரிவு உண்டு. தண்ணீர் தேங்குவது வேறு விஷயம்.

இவ்வளவு சப்பையான நிலத்தில், கரையெல்லாம் இளமணலாக இருந்தால் ஆறு ஓரிடத்தில் நிற்குமா? நிற்காது என்பதை ரென்னல் கண்ணாலேயே பார்த்தார். கங்கையிலிருந்து ஜலங்கி ஆறு பிரிகிற முகம், அவர் இருந்த பதினோரு வருஷத்துக்குள் முக்கால் மைல் கீழே நகர்ந்துவிட்டது. தான் வரைந்த கோடு தன் காலத்திலேயே பழசாகிறது என்று தெரிந்தும், பார்த்த அன்று இருந்ததையே போட்டார். நகர்ந்ததையும் தனியாக எழுதி வைத்தார்.

பிரம்மபுத்திராவை அவர் 1765-ல் தொடர்ந்து போனபோது, அது கங்கையைவிடப் பெரிதாக இருக்கக் கண்டு அசந்துபோனார். திபெத்தின் சாங்போ நதியும் இதுவும் ஒன்றே என்ற முடிவுக்கும் வந்தார். அன்றைய பிரபல பிரெஞ்சு வரைபட நிபுணர் தான்வில் அதை பர்மாவின் ஐராவதியோடு சேர்த்திருந்தார். ரென்னல் சொன்னதுதான் சரி என்று பின்னால் நிரூபணம் ஆனது.

இனி அந்த ஆறு இடம் மாறின கதை. ரென்னல் அட்லஸின் பிரதியை கம்ப்யூட்டர் லேபில் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்றைய பங்களாதேஷ் படம் ஒன்றையும் அதே அளவுக்குக் கொண்டுவந்தேன். டிரேசிங் பேப்பரில் முதலில் ரென்னலின் ஆறுகளை நீல மசியில் இழுத்தேன். மாறாமல் இருக்கிற ஊர்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டு, புதிய ஆறுகளைச் சிவப்பில் இழுத்தேன். இரண்டு மணி நேர வேலை. முடிந்ததும், எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ரென்னல் படத்தில் பிரம்மபுத்திரா அஸ்ஸாமிலிருந்து வந்து, காரோ மலையைச் சுற்றித் திரும்பி, தென்கிழக்காக மைமன்சிங் பக்கம் ஓடி மேக்னாவில் சேருகிறது. இன்றைய படத்தில் அந்த வழியில் மெலிந்த ஒரு பழைய ஆறுதான் இருக்கிறது. பிரம்மபுத்திராவின் பெருவெள்ளம் முழுக்க, மதுபூர் மேட்டுக்கு மேற்கே, யமுனா என்ற பெயரில் நேர் தெற்காக இறங்கிக் கங்கையில் விழுகிறது. தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டேன். மைமன்சிங்கிலிருந்து நேர் மேற்கே யமுனா அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ரென்னல் படத்தில் அங்கே ஓடுவது ஜெனாய் என்கிற சாதாரணக் கிளை ஆறு!

தப்பு என் டிரேசிங்கில் இல்லை, ரென்னலிடமும் இல்லை. அவர் ஊருக்குப் போய்ப் பத்து வருஷம் கழித்து, 1787-ல் பெருவெள்ளம். அதுவரை டீஸ்டா நதி கரதோயா, ஆத்ராய், புனர்பவா என்று மூன்றாகப் பிரிந்து தெற்கே கங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. திரிஸ்ரோதா, மூன்று ஓட்டம் உள்ளது என்பதுதான் அதன் பழைய பெயர். அந்த வெள்ளத்தில் அது பழைய வழியை விட்டுவிட்டுக் கிழக்கே திரும்பி பிரம்மபுத்திராவில் விழுந்தது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, 1830 வாக்கில், பிரம்மபுத்திராவும் ஜெனாய் வழியைப் பிடித்துக்கொண்டது. டீஸ்டா வந்து சேர்ந்ததால் மட்டும்தானா, நிலம் மெல்லச் சாய்ந்ததாலும்கூடவா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கீழே தெற்கில் கங்கை நீர் புதிதாக வெட்டிய வழி ஒன்று ராஜ்நகரின் கோயில்களையும் மாளிகைகளையும் விழுங்கியது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் கீர்த்திநாசா. அர்த்தம் நமக்கே புரிகிறது.

நீலக்கோட்டின் மேல் விரலை வைத்துப் போய்ப் பாருங்கள். அதன் ஓரத்துப் படகுத்துறைகளில் எத்தனையோ இன்று வயற்காடு. சிவப்புக்கோட்டின் அடியில் ரென்னல் குறித்த கிராமங்கள் தண்ணீருக்குள். அந்தச் சின்ன ஜெனாய் ஓடிய பக்கத்தில்தான் 1998-ல் சுமார் 4.8 கிலோமீட்டர் நீளத்துக்கு யமுனா பாலம் கட்டித் திறந்தார்கள். அவ்வளவு அகலத்தில் ஓடுகிற ஆற்றைப் பாலத்துக்கடியில் பிடித்து நிறுத்தத் தனியாகக் கரைக்காவல் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆறு முன்பு எங்கே இருந்தது, எப்படி நகர்ந்தது என்று ஆராய்கிறவர்கள் எல்லோரும் முதலில் விரிப்பது ரென்னல் படத்தைத்தான். 1863-லேயே ஃபெர்குசன் என்பவர் கங்கை டெல்டாவின் மாறுதல்களை எழுதியபோது அதைத்தான் ஆதாரமாக வைத்துக்கொண்டார்.

பிழையே இல்லாத படமா என்றால், இல்லை. நாடு முழுக்க முக்கோண முறையில் துல்லியமாக அளப்பது 1802-ல் நம் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்த பிறகுதான் ஆரம்பம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய செலவு தேவையா, நட்சத்திரம் பார்த்து இடம் குறித்தாலே போதாதா என்று லண்டனில் உட்கார்ந்து சந்தேகம் கிளப்பியவர்களில் நம்ம ரென்னலும் ஒருவர்! வயதானால் எல்லோரும் அப்படித்தான் போலிருக்கிறது.

கடைசிக் காலத்தில் ஆற்றை விட்டுவிட்டுக் கடல் நீரோட்டங்களைப் பிடித்துக்கொண்டார். கப்பல்களின் குறிப்பேடுகளைக் கட்டுக்கட்டாக வரவழைத்து, எந்தக் கடலில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று படம் போட்டார். 1830 மார்ச் 29-ந் தேதி, 87 வயதில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அட்லாண்டிக் நீரோட்டங்கள் பற்றிய புத்தகத்தை அவருடைய மகள் 1832-ல் வெளியிட்டார்.

செமினார் முடிந்தது. கைதட்டல் எல்லாம் கிடைத்தது. ஆனால் டிரேசிங் பேப்பரைச் சுருட்டும்போது எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. ரென்னல் முள்ளுக்குப் பயந்துகொண்டு ரெண்டு பேரிங்கை ரப்பரால் அழித்திருந்தால்? ஹாஸ்டலுக்கு வந்து குரூப்பில் சொன்னேன். ஆறு பேரில் நாலு பேர் வந்தார்கள். லேபில் எழுதிக் கொடுத்து செயினும் காம்பஸும் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். அரிவாள் இரவல் வாங்கி முள்ளை வெட்டி, அந்த ரெண்டு ஸ்டேஷனையும் முன்னும் பின்னும் பேரிங் எடுத்து அளந்தோம்.

நடுவில் ஐப்பசி வெள்ளம் ஒன்று வந்து போயிருந்தது. கரை இன்னும் உள்ளே தள்ளியிருந்தது. புதிய அளவு எங்கள் பொய் அளவோடும் ஒட்டல. கேம்ப் சமயத்தில் கரை எங்கே இருந்தது என்று அதை வைத்துச் சொல்லவும் வழியில்லை. அன்றைய தேதியைப் போட்டுத் தாளைப் பெரியவரிடம் கொடுத்தோம். எந்த வருஷத்து வெள்ளத்தில் எவ்வளவு போச்சு என்பதைத்தான் அவரிடம் எல்லோரும் கேட்கிறார்களாம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேம்ப் நடந்தப்போ கரையில் ஒரு வேப்பமரம் நின்றதே, நீங்கள்கூட அதில் கொடி கட்டினீங்களே, அதை எங்கே போட்டிருக்கீங்க தம்பி என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். மரம் நின்ற இடத்தில் மணல்தான் இருந்தது.